மூணு பேர் புழங்கும் வீடு

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். லேப் அக்கா எட்டு மாதமாக மறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். பூசணிக்காய்க்கு வயது எழுபத்தொன்று. சர்க்கரை வியாதி, மூட்டு வலி, போதாக்குறைக்கு இருமல்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவளுடைய வேலை. அதனால் இந்த மூன்று மாடிக் குடியிருப்பில் அவள் லேப் அக்கா. பன்னிரண்டு வீடுகளும் வாடகை வீடுகள். ஆள் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் பெயரைக் கேட்டு மனப்பாடம் செய்ய யாருக்குப் பொறுமை? மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துக் கொடுக்கிற அவள் கணவர் கண்ணாடிக்காரர். ஏழு வயது மகள் பிறந்ததிலிருந்தே வாலு.

வாடகைப் பத்திரத்தில் இருப்பது இந்த மூன்று பேர்தான். “மூணு பேர்னா மூணு பேர்தான். இருக்கிறது ஒரே தண்ணி டேங்க்” என்று ஓனர் அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்ட மூன்றாம் மாதம் மாமனார் வந்து சேர்ந்தார். மாமியார் போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர், ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தவர் கண்ணாடிக்காரர். ஓனரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவள் லேப் அக்கா. ரெண்டு வாரம் போகட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அந்த ரெண்டு வாரத்துக்குத்தான் இப்போது எட்டு மாதம் வயது.

போன வாரம் ஓனர் போன் செய்தார். பதினோரு மாதம் முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், பாத்ரூம் கசிவையும் பார்த்துவிடுகிறேன் என்றார். அதோடு வைத்திருந்தால் தேவலை. “உங்க வீட்ல மூணு பேர்தானே?” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அந்தக் கேள்வி வாரம் முழுவதும் அவள் கூடவே லேபுக்குப் போய்விட்டுக் கூடவே திரும்பி வந்தது.

ஆறு வருஷத்தில் நாலு வீடு மாறியாகிவிட்டது. வாலு இப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் ரெண்டாவது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். இந்த வீடும் போனால்? அதற்கு மேல் லேப் அக்காவால் யோசிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே கண்ணாடிக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“இன்னைக்குமா கடை?”

“ஞாயித்துக்கிழமைதான் கூட்டம். மத்தியானம் வந்துடுவேன். நீ இருக்கியே, சமாளிச்சுடுவே.”

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று ஒரு ரகம் உண்டு. கண்ணாடிக்காரர் அந்த ரகம். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பிறகு வழக்கமான துடைப்பு வேலை ஆரம்பமானது. யாராவது வருகிறார்கள் என்றால் மாமனார் இருந்த சுவடே இல்லாமல் செய்ய வேண்டும். மடக்குக் கட்டில் பீரோவுக்குப் பின்னால் போயிற்று. வேட்டியும் துண்டும் மூட்டையாகி அரிசி டிரம்முக்குப் பின்னால் போயின. பல்செட் டப்பாவை எடுப்பது வாலுவின் பொறுப்பு. அவள் அதைத் தன் பென்சில் பெட்டிக்குள் வைத்துப் பையை மூடினாள். தைல வாசனையை மட்டும் மூட்டை கட்ட முடியாதே! அதற்கு லேப் அக்கா ரெண்டு வெங்காயத்தை அரிந்து போட்டு வதக்கினாள்.

மாமனார் வாசலோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கை கொடுத்தார் என்பதுதான் கொடுமை. “பாத்ரூம் ஜன்னல்ல என் ரேசர் இருக்கும்மா, பார்த்துக்கோ” என்று நினைவுபடுத்தினார்.

“எடுத்துட்டேன் மாமா. பார்க்குல நிழலா பார்த்து உக்காருங்க. ஒரு மணிக்கு முன்னாடி வந்துடாதீங்க.”

“ஓனர் வண்டி போனதைப் பார்த்துட்டுத்தான் ஏறுவேன்.”

தண்ணீர் பாட்டிலையும் நாலு பிஸ்கட்டையும் பையில் போட்டுக் கொடுத்தாள். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லாததால் தரையைத் துடைத்தாள்.

பத்தே கால் மணிக்கு மணி அடித்தது.

பதினொன்று என்றால் பதினொன்றுக்கு வர வேண்டாமா? ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கறுப்புப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓனர் நின்றார். அவருக்குப் பின்னால், ரெண்டு படி கீழே, மாமனார் நின்றார்.

அவள் கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் பெரியவர் கீழே மோட்டார் ரூம் வாசல்ல உக்காந்திருந்தார்” என்றார் ஓனர். “யாருன்னு கேட்டேன். பைப் வேலை பார்க்கிறவர்னார். பாத்ரூம் கசிவுக்கு நீங்கதான் வரச் சொன்னீங்களா?”

நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. பார்க் வரைக்கும் முட்டி ஒத்துழைக்கவில்லை. வழியிலேயே உட்கார்ந்திருக்கிறார், கண்ணில் பட்டிருக்கிறார். ஒரு வகையில் அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் பைப் ஃபிட்டராக இருந்தவர்தான்.

மாமனார் அவளைப் பார்க்காமல் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தைதான். ‘இவர் என் மாமனார் சார்.’ சொல்லிவிடலாம். தொண்டை வரைக்கும் வந்தது.

“ஆமா சார். நான்தான் வரச் சொன்னேன்.”

சொன்னது அவள்தான். வேறு யாரோ சொன்ன மாதிரி அவளே அதைக் கேட்டாள்.

ஓனர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாமனார் வாசலிலேயே நின்றார். “உள்ளே வாங்க” என்று அவள் சொல்லும்வரை காலை எடுத்து வைக்கவில்லை.

“பாத்ரூம் எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார்.

எட்டு மாதமாக ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து, விளக்குப் போடாமல், சுவரைத் தடவிப் போகிற பாத்ரூம். லேப் அக்கா வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து வாலு வந்தாள். தாத்தாவைப் பார்த்தாள். ஓனரைப் பார்த்தாள். கற்பூர புத்தி, ஒரு நொடிகூட ஆகவில்லை.

“அந்தப் பக்கம் அங்கிள். செருப்புக் காலோட போகாதீங்க, அம்மா திட்டுவாங்க.”

சொல்லிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய அன்றைக்குப் பார்க்கிற பார்வை. மெச்சிக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தது குழந்தை. லேப் அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போல இருந்தது. இந்த வயதில் பெருக்கல் வாய்ப்பாடு தடவித் தடவி வருகிறது. பொய் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது? யார் சொல்லிக் கொடுத்தது? வேறு யார்.

“செருப்பை வெளியவே விட்டுட்டேன் கண்ணு” என்றார் மாமனார்.

ஓனர் அவருடைய கைகளைப் பார்த்தார். “வேலைக்கு வர்றவர் வெறுங்கையோடவா வருவார்?”

“முதல்ல நோய் என்னன்னு பார்க்கணும் சார். அப்புறம்தான் சாமான். தெரியாத வீட்டுக்கு மூட்டையோட வந்து என்ன பண்றது?”

ஓனர் சிரித்துவிட்டார். “பெரியவர் விவரமான ஆள்தான்.”

மாமனார் பாத்ரூமுக்குள் போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் காதை வைத்துக் கேட்டார். நின்று, நகர்ந்து, மறுபடி தட்டினார். கூன் போட்டு நடக்கிற மனிதர் அந்த நாலு நிமிஷம் நிமிர்ந்து நின்றதை லேப் அக்கா கவனித்தாள். இந்த வீட்டில் இதற்குமுன் அவரை யாரும் ஒரு வேலை செய்யச் சொன்னதில்லை. குழாய் சொட்டினால்கூட, “நீங்க எதுக்கு மாமா” என்று தடுத்துவிடுவாள். பாசத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்கிற பயம் என்று இப்போது தோன்றியது.

“தப்பு இந்த வீட்ல இல்ல சார்” என்றார். “மாடியில இருந்து இறங்குற பைப்புல ஜாயின்ட் விட்டிருக்கு. சுவத்தை உடைக்கவே வேண்டாம். வெளிப்பக்கமா ஏறி ஜாயின்ட்டைச் சுத்தி ஒரு காலர் போட்டா போதும்.”

“போன ஆள் டைல்ஸ் பூரா உடைக்கணும்னானே!”

“உடைச்சாத்தானே அவருக்கு வேலை.”

ஓனருக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அது அவர் குரலிலேயே தெரிந்தது. ஆனால் ஓனர் ஓனர்தான். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்டார்.

“பெரியவரே, ஒரு வீட்ல எத்தனை பேர் புழங்கறாங்கன்னு பாத்ரூமைப் பார்த்தா உங்களுக்குத் தெரியுமா?”

“ஓரளவு தெரியும் சார்.”

“கீழ்வீட்ல ஒரு புகார் சொல்றாங்க. ராத்திரியில யாரோ இருமுறாங்களாம். வயசான இருமலாம்.” லேப் அக்கா பக்கம் திரும்பினார். “தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. தண்ணிக் கணக்கு எனக்கு உதைக்குது. அதான் கேக்குறேன்.”

“எங்க வீட்டுக்காரருக்குத்தான் சார் இருமல்” என்றாள். “கண்ணாடி தேய்க்கிற தூசு.”

“இருக்கலாம். நீங்க சொல்லுங்க பெரியவரே.”

மாமனார் வாளியைப் பார்த்தார். சோப்பைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். இந்தக் கொடியைக் கட்டியவரே அவர்தான்.

“மூணு பேர் சார்” என்றார். “மூணு பேர் புழங்குற வீடுதான்.”

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. மறைக்க என்ன இருக்கிறது, நிம்மதிதான் வந்தது. அடுத்த மூச்சில்தான் அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே கூசியது. சமையலறைக்குள் ஓடினாள்.

ரெண்டு டம்ளர் டீ போட்டாள். கை அது பாட்டுக்குக் கலந்தது. கொண்டுவந்து வைத்ததும் கையருகே இருந்த டம்ளரை ஓனர் எடுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா, சர்க்கரையே இல்ல? வீட்ல யாருக்காவது சுகரா?”

எட்டு மாதப் பழக்கம். ஒரு டம்ளரில் சர்க்கரை போடக் கூடாது என்று கைக்குத் தெரியும். வாயைக் கட்டலாம், கையை எப்படிக் கட்டுவது?

“மறந்துட்டேன் சார். வேலை அவசரத்துல…”

“இன்னொண்ணுலயும் மறந்திருப்பீங்க. ரெண்டுலயும் போடுங்க.”

மாமனாருக்கு மாசா மாசம் ரத்தம் எடுத்து, சர்க்கரை எவ்வளவு என்று எழுதுகிறவள் அவள்தான். போன மாசம் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவளும் அவள்தான். அதே கையால், ஏற்கெனவே சர்க்கரை கிடந்த இன்னொரு டம்ளரில் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி அவரிடம் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் மாமா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவர் நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“நல்லா இருக்கும்மா” என்றார்.

ஓனர் பத்திரத்தை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டார். அவளும் போட்டாள். இன்னும் பதினோரு மாதம். வாலு இதே பள்ளிக்கூடம், அவளுக்கு இதே பஸ். கேட்டது கிடைத்துவிட்டது. பேனாவை மூடி ஓனரிடம் நீட்டினாள்.

எழுந்த ஓனர் வாசல் வரை போய் நின்றார்.

“பெரியவரே, உங்களுக்குக் குடும்பம்?”

“ஒரு பையன் இருக்கான் சார்.”

“அவனோடதான் இருக்கீங்களா?”

“அவன் வீடு சின்னது சார்.”

“பார்த்தீங்களாம்மா?” ஓனருக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டுவிட்டது. “இந்த வயசுல வீடு வீடா ஏறி இறங்குறார். பெத்த அப்பனுக்கு இடமில்லையாம். என்ன பிள்ளைங்களோ, என்ன மருமகள்களோ. அநியாயம் இல்லையா?”

பதில் வேண்டும் என்று நின்றார்.

“ஆமா சார்” என்றாள் லேப் அக்கா.

“கீழே மோட்டார் ரூம் சும்மாதான் கிடக்கு. பார்த்துக்கிட்டிருந்த ஆள் போயிட்டான். ஒரு கட்டில் போடலாம், ஃபேன் இருக்கு, ஓரத்துல குளிக்கிற இடம் இருக்கு. மோட்டாரைப் போட்டு அணைக்கிறது, பன்னிரண்டு வீட்டுப் பைப்பையும் பார்த்துக்கிறது, அவ்வளவுதான் வேலை. இருந்துக்கறீங்களா?”

முடியாது என்று சொல்வார், நன்றி சொல்லிக் கழன்றுகொள்வார் என்று லேப் அக்கா நினைத்தாள்.

“இருந்துக்கறேன் சார். இன்னைல இருந்தே இருந்துக்கறேன்.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓனர் போயிருப்பார் என்ற நம்பிக்கையில் கண்ணாடிக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் கடைசிப் படியில் அப்படியே நின்றார்.

“வாங்க வாங்க, உங்களைப் பத்திதான் பேச்சு. இருமல் எப்படி இருக்கு?” என்றார் ஓனர்.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். முஷ்டியை வாயருகே கொண்டுபோய் ரெண்டு தடவை இருமினார். மகளுக்கு அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

“பரவாயில்ல சார்.”

“டாக்டரைப் பாருங்க. இவர் நம்ம புது மோட்டார் ஆள். நல்ல வேலைக்காரர். உங்க படிக்கட்டுக்குக் கீழதான் இருக்கப்போறார். உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே? நாளைக்கு எனக்குப் போன் வரக் கூடாது, இப்பவே சொல்லிடுங்க.”

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். காது மடல் மட்டும் சிவந்தது.

“அவர் யோசிக்கட்டும் சார்” என்றார் மாமனார், மெதுவாக. “முன்னப்பின்ன தெரியாத ஆளைப் பக்கத்துல வெச்சுக்கச் சொன்னா யாருக்கும் யோசனை வரத்தான் செய்யும்.”

“இல்ல… எனக்கு ஒண்ணுமில்ல சார்” என்றார் மகன். “இருக்கட்டும்.”

“ரொம்ப நன்றிங்க” என்று அப்பா மகனைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு ஓனரின் பின்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

“போய்க் கூப்பிட்டுட்டு வாங்க” என்றாள் லேப் அக்கா.

“கொஞ்ச நேரம் ஆகட்டுமே. ஓனர் திரும்பி வந்துட்டா?”

“உங்க அப்பாங்க அவர்!”

“உன் மாமனாரும்தானே? வாசல்ல நின்னு நீ என்ன சொன்னே?”

தட்டில் சோறு போட்டு மூடியவள், போட்ட தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினாள். தட்டைக் கொண்டுபோனால் அங்கேயே சாப்பிடுங்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். மேலே வந்து, அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். காலில் விழவேண்டுமென்றாலும் விழுந்துவிடலாம் என்றுதான் போனாள்.

மோட்டார் ரூம் கதவு திறந்திருந்தது. ஒரு தேய்ந்த துடைப்பத்தால் மாமனார் கூட்டிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். கூட்டுகிறபோதே இருமல் வந்தது. வாயில் துண்டை அடைக்காமல், தலையணையில் முகத்தைப் புதைக்காமல், நின்று நிதானமாக இருமித் தீர்த்தார். இந்த இருமலை இவ்வளவு சத்தமாக அவள் கேட்டதே இல்லை.

“மாமா, ஓனர் போயிட்டார். மேல வாங்க.”

“வாம்மா. தூசு, தள்ளி நில்லு.”

“நான் செஞ்சது தப்பு மாமா. வாசல்லயே சொல்லியிருக்கணும். மனசு சுத்தமா இல்ல எனக்கு. பயந்துட்டேன். வாலு அப்படிப் பேசினப்போ உசிரே போயிடுச்சு. வாங்க மாமா, நாளைக்கே அவருக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லிடறேன்.”

“சொல்லி?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். “போட்ட கையெழுத்து போயிடும். குழந்தை படிப்பு போயிடும். விடும்மா. நான் யாரு, என்ன வேலை பார்க்கிறவன்னு சொல்லிட்டு ஒரு ரூம்ல உக்காந்து எட்டு மாசம் ஆச்சு. இங்க நான் இருமினா யாரும் ஓடி வந்து ஜன்னலைச் சாத்த மாட்டாங்க.”

அவள்தான் சாத்துவாள். அவருக்குக் குளிரும் என்று சொல்லிக்கொண்டு சாத்துவாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“சாப்பிடவாவது வாங்க மாமா. தட்டு போட்டு வெச்சிருக்கேன்.”

மாமனார் குப்பையை முறத்தில் அள்ளிவிட்டு நிமிர்ந்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அன்போடுதான் சிரித்தார்.

“போம்மா, சோறு ஆறிடும். நீங்க மூணு பேரும் சாப்பிடுங்க.”

அவள் திரும்பினாள். படிக்கட்டின் நடுவில் கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார். கைப்பிடியைப் பிடித்தபடி, கீழே இறங்கவும் இல்லாமல் மேலே ஏறவும் இல்லாமல் நின்றிருந்தார்.